கண்ணாடிக்குள் கடல் – 18
பாக்டீரியாவுக்குப் படியளப்போம்

மீனுக்குப் போடும் ஒவ்வொரு சிட்டிகை உணவும் கடைசியில் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். நன்னீர்த் தொட்டி என்றால் வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றிச் சமாளித்துவிடலாம். பவளத் தொட்டியில் அந்தக் கணக்கு உதவாது. மாற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஆர்.ஓ. தண்ணீரும் 35 கிராமுக்குக் குறையாத கடல் உப்புக் கலவையும் வேண்டும். அவ்வளவு செலவழித்தாலும், 40 பிபிஎம் நைட்ரேட் இருக்கும் தொட்டியில் கால்வாசி மாற்றினால் 30க்குத்தான் இறங்கும். அடுத்த வாரத்துச் சாப்பாடு அதை மறுபடி ஏற்றிவிடும்.

இங்கேதான் பவளம் வளர்ப்பவர்கள் வோட்காவையும் வினிகரையும் கையில் எடுக்கிறார்கள். முதல்முறை கேட்கிறவர்கள் நம்புவதில்லை. தண்ணீரில் சத்து அதிகமாகிப் பாசி படர்கிறது, அதில் போய் இன்னொரு பொருளை ஊற்றுவதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் பாக்டீரியாவின் பசியில் இருக்கிறது.

செங்கல்லும் சிமென்ட்டும் மலைபோலக் குவிந்திருந்தும் மணல் லாரி வராததால் வேலை நின்றுபோன கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். பவளத் தொட்டியிலுள்ள பாக்டீரியாவின் நிலை அதுதான். உடம்பு கட்ட வேண்டிய நைட்ரஜன் இருக்கிறது, பாஸ்பரஸ் இருக்கிறது; எளிதில் தின்று செரிக்கக்கூடிய கரிமச் சேர்மம்தான் இல்லை. கடல்நீரில் கரைந்திருக்கும் கார்பன்-டை-ஆக்சைடும் பைகார்பனேட்டும் இந்தப் பாக்டீரியாக்களுக்கு உணவாகாது. சர்க்கரை, சாராயம், புளிப்பு அமிலம் போல ஏற்கெனவே சமைத்து வைத்த கார்பன்தான் அவற்றுக்கு வேண்டும். அதைக் கொஞ்சம் கொடுத்துவிட்டால் நின்ற வேலை நடக்கத் தொடங்கும். பாக்டீரியா பெருகும், பெருகும்போது தண்ணீரிலிருந்து நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் இழுத்துத் தன் உடம்புக்குள் வைத்துக்கொள்ளும்.

எவ்வளவு இழுக்கும் என்பதற்குக் கடலியலில் ஒரு பழைய கணக்கு உண்டு. அமெரிக்க அறிவியலாளர் ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு 1934ல் தொடங்கிவைத்தது. திறந்த கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களின் உடம்பில் 106 கார்பன் அணுவுக்கு 16 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ் என்ற விகிதம் சராசரியாக அமைந்திருக்கிறது. பாக்டீரியாவுக்கு இந்த எண்கள் கொஞ்சம் மாறும். அவற்றின் உடம்பில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இன்னும் தாராளம். ஆனால் நாம் ஊற்றும் கார்பன் முழுவதும் உடம்பாக மாறுவதில்லை. பாதியோ அதற்கு மேலோ மூச்சிலேயே செலவாகிவிடும். இந்தக் கடைசி வாக்கியத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்; தொட்டியைக் கொல்வதும் காப்பதும் அதில்தான் இருக்கிறது.

பாக்டீரியா சத்தை விழுங்கினால் மட்டும் போதாது. தொட்டிக்குள்ளேயே செத்து அழுகினால் விழுங்கியதெல்லாம் திரும்பத் தண்ணீருக்கே வரும். அவற்றை வெளியே எடுக்க வேண்டும். அதற்குத்தான் ஸ்கிம்மர். குழாய் போன்ற அறையில் பொடிக் குமிழிகளைப் பொங்கவிட்டால், நீரில் ஒட்டாத கரிமப் பொருளும் பாக்டீரியாவில் ஒரு பகுதியும் குமிழியின் மேல் ஒட்டிக்கொண்டு மேலேறும். மேலேயுள்ள கிண்ணத்தில் நுரை வழிந்து நிற்கும். இப்படிக் கார்பனை அளந்து ஊற்றும் டோசிங் தொடங்கிச் சில வாரங்களில் அந்தக் கிண்ணத்தைக் கவனித்தால் வித்தியாசம் தெரியும். முன்பு வெளிறிய தேநீர் நிறத்தில் இருந்தது, டிகாஷன் போலக் கறுத்துக் கெட்டியாகும். கழுத்தின் உட்புறம் விரலால் வழித்தால் பச்சையும் பழுப்புமாகக் களிம்பு வரும். நாற்றம் குடலைப் புரட்டும். தொட்டியிலிருந்து வெளியேறிய நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அந்தக் களிம்பில்தான் இருக்கின்றன. ஸ்கிம்மரை எல்லாம்வல்லது என்று நினைத்துவிடவும் கூடாது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கென் ஃபெல்ட்மன் குழு அளந்து பார்த்தபோது, நீரிலுள்ள மொத்தக் கரிமக் கார்பனில் 20 முதல் 35 சதவீதம் வரைதான் ஸ்கிம்மர்களால் எடுக்க முடிந்தது. மீதியைப் பவளமும் கடற்பஞ்சும் புழுக்களும் வடிகட்டித் தின்ன வேண்டும்.

இரண்டாவது வழி ஒன்றும் கூடவே நடக்கிறது. பாறையின் உட்துளைகளிலும் மணலின் அடியிலும் ஆக்சிஜன் எட்டாத இடங்கள் உண்டு. அங்கே வாழும் பாக்டீரியா, ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரேட்டை வைத்துச் சுவாசிக்கும். நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகிக் காற்றில் கலந்துவிடும். அதற்கும் கார்பன்தான் எரிபொருள். பல தொட்டிகளில் நைட்ரேட் மளமளவென்று இறங்க, பாஸ்பேட் மட்டும் அசையாமல் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பாஸ்பரஸுக்கு இப்படி வாயுவாகித் தப்பிக்கும் வழி கிடையாது.

இந்த முறை எப்படி வந்தது? பவளத் தொட்டியின் நவீன வரலாறு பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் எழுதப்பட்டது. டீட்ரிஷ் ஸ்டூபர் போன்ற பெர்லின்காரர்களும் பீட்டர் வில்கென்ஸும் சிக்கலான வடிகட்டிகளைக் கழற்றிவிட்டு, உயிருள்ள பாறை, வலுவான ஸ்கிம்மர், சுண்ணாம்பு நீர் இவற்றை மட்டும் வைத்துக் கல்பவளங்களை வளர்த்துக் காட்டினார்கள். பெர்லின் முறை என்றே அதற்குப் பெயர். 1994ல் சார்லஸ் டெல்பீக்கும் ஜூலியன் ஸ்ப்ரங்கும் எழுதிய புத்தகம் அதை ஆங்கிலம் படிப்பவர்களிடம் பரவலாகக் கொண்டுசேர்த்தது. ஆனாலும் மீன் கூடக்கூட, சாப்பாடு கூடக்கூட, பெர்லின் முறையிலும் நைட்ரேட் தேங்கியது. 2000களின் தொடக்கத்தில் ஜெர்மனியிலேயே ம்ருட்செக், கோகோட் என்ற இருவர் எத்தனாலை அளந்து ஊற்றிக் கிடைத்த அனுபவத்தை எழுதினார்கள். கடையில் கிடைக்கும் எத்தனாலில் மணமோ நிறமோ இனிப்போ சேராதது வோட்கா என்பதால் அதுவே வழக்கத்துக்கு வந்தது.

வோட்காதான் என்றில்லை. ராண்டி ஹோம்ஸ்-ஃபார்லி என்ற அமெரிக்க வேதியியலாளர், கடல் தொட்டி வேதியியலை எளிமையாக விளக்கி எழுதிவருபவர், வினிகர் பக்கம். எனக்கும் வினிகரே பிடித்தம். காரணம் அளவு. 40 சதவீத வோட்கா ஒரு மில்லியில் சுமார் 0.165 கிராம் கார்பன் இருக்கிறது. 5 சதவீத வினிகரில் 0.02 கிராம்தான். ஒரு மில்லி வோட்காவுக்கு ஈடாக எட்டு மில்லி வினிகர் வேண்டும். அப்படியென்றால் கை தவறி அரை மில்லி கூடிப்போனாலும் வினிகரில் அது பெரிய குற்றமில்லை. புதியவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பு வேறில்லை. வெள்ளை வினிகர்தான் வாங்க வேண்டும். ஆப்பிள் வினிகரோ நிறம் சேர்த்ததோ வேண்டாம். வினிகருக்கு ஒரு குறையும் உண்டு. அமிலம் என்பதால் ஊற்றியவுடன் பிஎச் இறங்கும். சுண்ணாம்பு நீர் பயன்படுத்துபவர்கள் அதிலேயே கலந்து சொட்டவிட்டால் சரியாகிவிடும்.

பயோ பெல்லட் என்று விற்பவை திடமான கார்பன். பிஎச்ஏ வகைப் பாலிமர் குண்டுமணிகள். பாக்டீரியாவே தன் உடம்பில் கொழுப்புபோலச் சேமித்துவைக்கும் பொருள்தான் இது. ரியாக்டரில் போட்டுத் தண்ணீரைச் சுழலவிட்டால், வேண்டிய அளவைப் பாக்டீரியாவே அரித்துத் தின்னும். தினமும் அளக்கும் வேலை இல்லை என்பது வசதி. வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் மணிகளை அள்ளி எடுப்பது தவிர எளிய வழி இல்லை என்பது வசதிக்கேடு. ரியாக்டரிலிருந்து வரும் தண்ணீர் நேரே ஸ்கிம்மரின் வாய்க்குப் போகும்படி குழாயை அமைக்காவிட்டால் பயன் பாதிதான்.

சர்க்கரையைப் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கு ஓர் ஆய்வே காரணம். பனாமாவின் போகாஸ் டெல் டோரோவில் டேவிட் கிளைன், ஃபாரெஸ்ட் ரோவர் உள்ளிட்டோர் செய்து 2006ல் வெளியிட்டது. பவளத் துண்டுகள் உள்ள தொட்டிகளில் தனித்தனியாக நைட்ரேட், அம்மோனியா, பாஸ்பேட், பலவகைச் சர்க்கரைகள் ஆகியவற்றைக் கலந்து பார்த்தார்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சேர்த்த தொட்டிகளில் பவளங்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. சர்க்கரை சேர்த்தவற்றில் செத்தன. பவளத்தின் மேல்தோலில் உள்ள சளிப்படலத்தில் வாழும் நுண்ணுயிர்கள் பத்து மடங்கு வேகத்தில் பெருகியதை அந்தக் குழு பதிவுசெய்திருக்கிறது. பவளத்தோடு அமைதியாகக் குடியிருந்த பாக்டீரியாவே, தீனி கூடியதும் அதைத் தின்றுவிடுகிறது. கழிவுநீர் கலக்கும் கரையோரங்களில் பவளத்திட்டுகள் சாவதை விளக்கச் செய்த ஆய்வு அது. ஆனால் தொட்டி வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. நைட்ரேட்டை விரட்டுகிறேன் என்று கார்பனை வாரி ஊற்றினால், தீங்கு குறைவான ஒன்றை எடுத்துவிட்டுத் தீங்கு மிகுந்த ஒன்றை வைக்கிறோம். நாளுக்குச் சில சொட்டு என்றால் சில மணி நேரத்தில் பாக்டீரியா தின்று முடித்துவிடும், தண்ணீரில் மிஞ்சாது. மிஞ்சும் அளவுக்கு ஊற்றுவதுதான் ஆபத்து.

அந்த மூச்சுக் கணக்குக்கு இப்போது வருவோம். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் கடல்நீர் தாங்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ 6.7 மில்லிகிராம். ஒரு மில்லி வோட்காவில் 0.32 கிராம் எத்தனால் இருக்கிறது. அதை முழுதாக எரிக்க 0.66 கிராம் ஆக்சிஜன் செலவாகும். வகுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய நூறு லிட்டர் கடல்நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் மொத்தமும் அந்த ஒரு மில்லிக்கே சரியாகிவிடும். ஒரு பகுதி உடம்பாக மாறுவதாலும், வேலை மெதுவாக நடப்பதாலும், ஸ்கிம்மரும் அலை பம்பும் காற்றிலிருந்து ஆக்சிஜனைத் தொடர்ந்து கரைத்துக்கொண்டே இருப்பதாலும்தான் மீன்கள் பிழைக்கின்றன. ஆகவே இரவில் ஊற்றாதீர்கள். விளக்கு அணைந்தபின் பாசியும் பவளமும்கூட ஆக்சிஜனை எடுக்கத் தொடங்கிவிடும். காலையில் எழுந்து பார்க்கும்போது தண்ணீர் கஞ்சித்தண்ணிபோல வெளுத்து, மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடினால், செவுள் வேகமாக அடித்தால், யோசிக்க நேரமில்லை. டோசிங்கை நிறுத்துங்கள், ஏர் பம்பை உடனே போடுங்கள், ஸ்கிம்மர் ஓடுகிறதா என்று பாருங்கள். மின்வெட்டு அதிகமுள்ள ஊர்களில், மாற்று மின்சாரம் இல்லாமல் இந்த முறையைத் தொடவே கூடாது.

நம் இறால் பண்ணைக்காரர்கள் இதைத் தொட்டி வைத்திருப்பவர்களைவிட நன்றாக அறிவார்கள். வன்னாமி குளத்தில் அம்மோனியா ஏறினால் மொலாசஸ் கரைத்துத் தெளிப்பார்கள். இஸ்ரேலின் டெக்னியான் நிறுவனத்தைச் சேர்ந்த யோராம் அவ்னிமெலெக் 1999ல் எழுதிய கார்பன்-நைட்ரஜன் விகிதக் கட்டுரைதான் பயோஃபிளாக் முறைக்கு அடிப்படைகளில் ஒன்று. இறால் தீவனத்தில் புரதம் அதிகம், எனவே நைட்ரஜன் அதிகம். கார்பன் சேர்த்து விகிதத்தை உயர்த்தினால் பாக்டீரியா அந்த நைட்ரஜனை விழுங்கித் திரளும். அந்தத் திரளை இறால் மறுபடி தின்னும். அதே வேதியியல், அதே பாக்டீரியா வேலை. மொலாசஸ் விட்ட குளத்தில் இரவு ஏரேட்டர் நின்றால் என்ன ஆகும் என்று எந்தப் பண்ணையாளரிடமும் கேட்டுப் பாருங்கள்.

இதுவரை சொன்னது கார்பன் டோசிங் தோற்பது பற்றி. அது மிக நன்றாக வேலை செய்வதாலும் தொட்டிகள் பாழாகின்றன. என் மனதை அதிகம் உறுத்துவது அதுதான்.

இயற்கையான பவளத்திட்டின் மேல் ஓடும் நீரில் நைட்ரேட் பெரும்பாலும் 0.2 பிபிஎம்முக்குக் கீழே. இந்த எண்ணைப் படித்துவிட்டுத் தன் தொட்டியிலும் சுழியம் காட்ட வேண்டும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். கடலில் கரைந்த சத்து குறைவு. ஆனால் சாப்பாடு குறைவில்லை. இரவும் பகலும் மிதவையுயிரிகளும் மீன் எச்சமும் பவளத்தின் மேல் வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் அது கிடையாது. அங்கே நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சுழியமாக்கினால் பவளத்துக்குள் வாழும் பாசி பட்டினி கிடக்கும்.

இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் யோர்க் வீடன்மன் நடத்தும் பவள ஆய்வுக்கூடம் 2013ல் வெளியிட்ட முடிவு இதற்கு முக்கியமானது. நைட்ரேட் ஏறியிருக்கும்போது பாஸ்பேட் இல்லாமல் போனால், பவளத்துக்குள் வாழும் பாசி சீர்குலைகிறது. வெப்பமும் ஒளியும் கூடும்போது பவளம் எளிதில் வெளுத்துவிடுகிறது. இரண்டும் ஒருசேர இருப்பதைவிட ஒன்று தீர்ந்து இன்னொன்று மிஞ்சுவது கொடுமை. தொட்டியில் பாஸ்பேட் இறங்கவில்லையே என்று இரும்பு ஆக்சைடு துகள்களை ரியாக்டர் நிறையக் கொட்டுபவர்கள் இந்தப் பள்ளத்தில்தான் விழுகிறார்கள். அக்ரோபோரா என்ற கல்பவளக் கிளையின் நுனி வெள்ளையாகி, அடியிலிருந்து தோல் உரியத் தொடங்கும். காரத்தன்மையை 10, 11 டிகேஎச் என்று ஏற்றி வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம். கடலில் அது 7க்கும் கீழேதான். டோசிங் செய்யும் தொட்டியில் 7, 8க்குள் நிறுத்துவது நல்லது.

சத்து சுழியமான தொட்டியில் வரும் இன்னொரு விருந்தாளி டைனோஃபிளாஜெல்லேட். மதியத்தில் மணல்மேல் பழுப்புச் சளி நூல்களாகத் தொங்கும்; நூல்தோறும் குமிழி கோத்திருக்கும்; விளக்கணைந்தால் பாதி காணாமல் போய்விடும். பாசி என்று நினைத்துக் கார்பனை இன்னும் கூட்டினால் அது இன்னும் பரவும். சில இனங்கள் நஞ்சு கக்கும். கண்ணாடியை மேயும் நத்தைகள் முதலில் உருண்டு விழும். போட்டிக்கு ஆளில்லாத இடத்தில்தான் இது தழைக்கிறது. இது வந்தபின் சோடியம் நைட்ரேட் வாங்கித் தொட்டியில் ஊற்றி, இவ்வளவு காலம் விரட்டியதையே திரும்ப அழைத்து வருகிறார்கள்.

ஆகவே என் எண்கள் இவை. நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம்முக்குள், பாஸ்பேட் 0.03 முதல் 0.1க்குள். இதற்குள் தொட்டி இருந்து, பவளம் நிறத்தோடு விரிந்திருந்தால் எதையும் ஊற்ற வேண்டாம். நைட்ரேட் 20, 30 என்று நிற்கிறது, சாப்பாட்டைக் குறைத்தும் மணலை உறிஞ்சிச் சுத்தம் செய்தும் இறங்கவில்லை என்றால் தொடங்கலாம். நூறு லிட்டருக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லி வோட்கா, அல்லது 0.8 மில்லி வினிகர். மூன்று நாளுக்குப் பிறகு அதை இரட்டிப்பாக்கி அந்த வாரத்தை முடியுங்கள். பிறகு வாரத்துக்கு ஒருமுறை மட்டும் சிறிது கூட்டுங்கள். காலையில், ஸ்கிம்மருக்கு முன்னால் நீர் ஓடும் இடத்தில் ஊற்றுங்கள். இரண்டு மூன்று வாரம் எதுவும் நடக்காது. அப்போது பொறுமை போய் அளவை ஏற்றுபவர்களுக்குத்தான் நான்காவது வாரம் தண்ணீர் வெளுக்கிறது. நைட்ரேட் இறங்கத் தொடங்கிய நாளில் கூட்டுவதை நிறுத்துங்கள். இலக்கை எட்டியதும் பாதியாகக் குறையுங்கள். ஊருக்குப் போவதாக இருந்தால் பழக்கமில்லாதவர் கையில் சிரிஞ்சைக் கொடுக்காதீர்கள். சில நாள் விட்டுப்போவதால் கெடுதல் ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் ஊற்றியதை ஒரே நாளில் நிரந்தரமாக நிறுத்துவதுதான் தவறு. பெருகிய பாக்டீரியா செத்து, விழுங்கியதைக் கக்கிவிடும்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு மீண்டும் சொல்கிறேன். கல்பவளங்கள் 2001லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்தோ அந்தமானிலிருந்தோ எடுத்து வந்ததை, உயிருள்ளதானாலும் செத்ததானாலும், வைத்திருப்பதே குற்றம். யார் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். நைட்ரேட், பாஸ்பேட், காரத்தன்மை மூன்றையும் ஒரே நாளில் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். மூன்று வாரத்து எண்கள் கையில் இல்லாமல் எந்த பாட்டிலையும் திறக்க வேண்டாம்.

(அடுத்த வாரம்: சுண்ணாம்பு நீரும் கால்சியம் ரியாக்டரும்)